பச்சை ஒயரைக் கழட்டுற வைத்தியம்

ஆம்பிளிபயர்ல 'ங்ஙொய்'னு இரைச்சல் வந்தா எங்க ஊர்ப்பக்கம் ஒரே வைத்தியம்தான். ப்ளக்கைத் திறந்து பச்சை ஒயரைக் கழட்டி விட்டுடறது. இரைச்சல் நின்னுடும். மெக்கானிக் காசு வாங்கிட்டுப் போயிடுவார், நாமும் சந்தோஷமா பாட்டுக் கேட்போம். இந்த வைத்தியத்தைத்தான் இன்னைக்குத் திட்டப் போறேன். கோவிச்சுக்கறவங்க கோவிச்சுக்குங்க.

எங்க ஊட்டு ஆம்ப் பழசு. இருபது வருஷம் முன்னால டவுன்ல அசெம்பிள் பண்ணி வாங்குனது. தகரப் பெட்டி, உள்ள கனமான ட்ரான்ஸ்பார்மர், த்ரீ பின் ப்ளக். ராத்திரி தண்ணி கட்டிட்டு வந்து ரெண்டு இளையராஜா பாட்டு கேட்காம எனக்குத் தூக்கம் வராது. போன தை மாசம், டிவி சத்தத்தையும் அதுலயே கேட்கலாம்னு செட்டாப் பாக்ஸ்ல இருந்து ஏவி ஒயர் இழுத்து மாட்டுனேன். அன்னைக்கே இரைச்சல் ஆரம்பிச்சுது.

டவுன் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கலை. "ஐசி போயிருக்கும், புதுசு வாங்கிருங்க"ன்னார். நம்ம உள்ளூர் தம்பி வந்தார், பச்சை ஒயரைக் கழட்டுனார், நின்னு போச்சு. "எப்படிங்கண்ணா?"ன்னு சிரிச்சார். நானும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புனேன். என் புத்தி அவ்வளவுதான்.

பங்குனி நோம்பிக்கு ஊடு கழுவுனப்ப எங்க ஊட்டுக்காரம்மா ஏவி ஒயரைப் புடுங்கி வெச்சுட்டு ஈரத் துணியில ஆம்பைத் துடைச்சுது. வெறுங்கால், ஈரத் தரை. 'சுரீர்'னு இழுத்துருச்சு. நல்ல வேளை, சின்னக் கசிவுதான், கை விலகிருச்சு. டெஸ்டரை வெச்சுப் பார்த்தேன், பெட்டி மேல லைட் எரியுது.

இத்தனை நாள் ஏன் இழுக்கலைன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எங்க டிஷ் கம்பம் தகரக் கொட்டகையோட இரும்புத் தூண்ல வெல்டு வெச்சது. தூண் மண்ணுக்குள்ள நிக்குது. அப்போ ஆம்புக்கு ரெண்டு எர்த். ஒண்ணு ப்ளக்ல இருக்கிற பச்சை ஒயர், இன்னொண்ணு ஏவி ஒயர் வழியா செட்டாப் பாக்ஸுக்குப் போயி, டிஷ் கேபிள் வழியா தூணுக்கு. ரெண்டு எர்த்துக்கும் நடுவுல கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். அந்தக் கரண்ட் ஏவி ஒயர் வழியா ஓடறதைத்தான் ஆம்ப் பெருசாக்கி ஸ்பீக்கர்ல கத்த விட்டது. நம்ம லைன் 50 சைக்கிள், அந்த உறுமல்தான் அது. ஆம்ப் மேல ஒரு குத்தமும் இல்லை.

பச்சை ஒயரைக் கழட்டுனதும் வட்டம் அறுந்துச்சு, இரைச்சல் நின்னுச்சு. சரிதான். ஆனா அதுக்கப்புறம் எர்த் வேலையை யார் பார்த்தது? விரல் மொத்தம்கூட இல்லாத ஏவி ஒயர்! அதையும் புடுங்குன அன்னைக்கு என் பொண்டாட்டி கைதான் எர்த். ட்ரான்ஸ்பார்மர் சுத்து உள்ள கருகி பெட்டியில ஒட்டியிருந்தா முழுசா 230 வோல்ட். நினைச்சாலே வயிறு கலங்குது.

"டூ பின்லயே எத்தனை சாமான் வருது, அதெல்லாம் கொல்லுதா?"ன்னு தம்பி கேட்டார். டூ பின்ல வர்ற சாமானை ரெண்டு அடுக்கு காப்போட செய்யறாங்க, அடியில சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட குறி இருக்கும், பாருங்க. தகரப் பெட்டி ஆம்ப் அப்படிச் செஞ்சதில்லை. அதுக்குக் காப்பே அந்தப் பச்சை ஒயர்தான். காட்டு மோட்டாருக்கு எர்த் இல்லைன்னா பக்கத்துல போக நாம பயப்படறோம். ஊட்டுக்குள்ள வந்தா மட்டும் என்னங்க தைரியம்?

சரி, இரைச்சலுக்கு என்னதான் பண்றது? முதல்ல வால்யூமை முழுசாக் குறைங்க. அப்பவும் அதே அளவு இரைஞ்சா சங்கதி பெரும்பாலும் ஆம்புக்கு உள்ள. பில்டர் கண்டன்சர் மண்டை உப்பியிருக்கும், மாத்துனா சரியாகும். அதை நீங்களாத் திறக்காதீங்க, ப்ளக்கைப் புடுங்குன பிறகும் கண்டன்சர் கடிக்கும். வால்யூமோட சேர்ந்து இரைச்சலும் குறைஞ்சா அது வெளியில இருந்து வருது. ஒவ்வொரு ஒயராக் கழட்டிப் பாருங்க. எனக்கு டிஷ் கேபிளைக் கழட்டுனதும் கப்சிப். அஞ்சு நிமிஷ வேலை. இதைச் செய்யாமலேதான் ஒருத்தர் புதுசு வாங்கச் சொன்னார், இன்னொருத்தர் எர்த்தைக் கழட்டுனார்.

கார்ல பாட்டு செட் மாட்டற கடையில 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்'னு ஒரு குட்டி டப்பா கிடைக்குது. உள்ள குட்டி ட்ரான்ஸ்பார்மர், பாட்டு காந்தத்துல தாண்டிப் போகும், எர்த் தாண்டாது. ஏவி ஒயர் நடுவுல அதை மாட்டுனேன். பச்சை ஒயரைத் திரும்ப ப்ளக்ல முறுக்குனேன். எர்த் குழி காஞ்சு வெடிச்சுக் கிடந்தது, உப்பும் கரியும் போட்டு நாலு குடம் தண்ணி ஊத்துனேன். 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பர் ஒண்ணும் ஒயர்மேனை வெச்சு மாட்டியாச்சு. பீஸ் கட்டையில தடிக் கம்பி சுத்தி வெச்சிருக்கிற ஊடு நம்முது, பீஸை மட்டும் நம்ப முடியாது பாருங்க.

இப்போ பாட்டு சுத்தமாக் கேட்குது. பெட்டியில டெஸ்டர் எரியலை. தம்பி வந்து பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. இதுவரைக்கும் எத்தனை ஊட்டுல கழட்டுனீங்கன்னு கேட்டேன், தலையைச் சொறிஞ்சார். டீக்கடை, சலூன், இன்னும் நாலஞ்சு ஊடு. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போறோம். முதல்ல மாரியம்மன் கோயில் மைக் செட்.