பிணமில்லா இடுகாடு

பண்டிதருக்குக் கௌபாய்ப் படத்தில் என்ன காதல் என்று மாணாக்கர் நகைப்பர், நகைக்கட்டும். இத்தாலியரான சேர்ஜியோ லியோனே 1966இல் ஆக்கிய ‘நல்லவன், கெட்டவன், அவலட்சணன்’ என்னும் படத்தை நினைக்குந்தோறும் துப்பாக்கியன்று, இடுகாடே என் கண்முன் நிற்கும். ஸ்பெயினின் பூர்கோஸ் மாகாணத்திலே அந்நாட்டுப் படைவீரர் ஏறத்தாழ 5000 பொய்க் கல்லறைகளை வட்டம் வட்டமாக அமைத்தனர். இறுதியில் அவற்றின் நடுவே மூவர் வாய்திறவாது ஒருவரையொருவர் நோக்கி நிற்பர். பேச வேண்டியதையெல்லாம் மொரிக்கோனேயின் இசையே பேசிவிடும். பக்கம் பக்கமாக உரையாடல் எழுதுவோர் இக்காட்சியை ஒருமுறை காண்பாராக!

படப்பிடிப்பின் பின் மண்ணும் புல்லும் மூடிய அவ்விடத்தை, 2015 முதல் ரசிகர்கள் மண்வெட்டியுடன் வந்து மீட்டனர். பிணமேயில்லாத கல்லறைக்கு இத்துணை உழைப்பா என்பாருமுளர். அயலில் வாழ்ந்திருப்பேனாயின் யானும் ஒரு கூடை மண் சுமந்திருப்பேன்.