ஆடத்தான் தட்டு, அலுமாரிக்கில்லை

டெக்னோ, ஹவுஸ் கேட்கிற ஆக்களுக்கு இந்த அறிவிப்பு நல்லாப் பழகிப்போயிருக்கும்: வினைலில் மட்டும், மறுபதிப்பு இல்லை, டிஜிட்டல் இல்லை. எங்கேயோ ஒரு சின்ன லேபிள் புது சிங்கிள் ஒன்றை விடும். வெள்ளை உறை, நடுவில ஒரு ரப்பர் முத்திரை, சில நூறு பிரதிகள். அது வந்த கையோட முடிந்துவிடும். பிறகு அதே தட்டு டிஸ்கொக்ஸ் தளத்தில பல மடங்கு விலைக்கு வரும். சிலவேளை உறைகூடப் பிரிபட்டிருக்காது.

இதை ரசனை என்று சொல்கிறார்கள். எங்களுக்கு இது கதவைச் சாத்துகிற வேலையாகத்தான் தெரியுது.

வினைலோட எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. 12 அங்குல சிங்கிள் உண்மையிலேயே கெட்டித்தனமான ஒரு பொருள். முழு அல்பம் என்றால் ஒரு பக்கத்தில ஏறத்தாழ 20 நிமிடப் பாட்டை நெருக்க வேணும். சிங்கிளில் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ பாட்டுத்தான். தட்டில வெட்டுகிற கோடுகளுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். அதனால சத்தத்தைக் கூட்டி வெட்டலாம், பேஸும் நெஞ்சில இடிக்கும். தொடக்கத்திலயும் முடிவிலயும் ட்ரம் மட்டும் நீளமாக ஓடும். ஒரு தட்டை அடுத்த தட்டோட கலக்க டீஜேக்கு அந்த இடம் தேவை. மொத்தத்தில இது ஆட்டக்களத்துக்கென்றே செய்த ஒரு கருவி.

இந்தக் கருவியைக் கையில எடுத்தவர்கள் யார்? சிக்காகோவில 'வெயார்ஹவுஸ்' கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் 1977 இல் இருந்து தட்டுப் போட்டார். அங்கே ஆடியவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின, லத்தீன் தற்பாலீர்ப்புப் பொடியள். வேறு இடங்களில் வாசலிலேயே மறிக்கப்பட்டவர்கள். அதே நகரத்தில 1979 ஜூலையில, பேஸ்போல் மைதானம் ஒன்றில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த வெறுப்புக்கு நடுவில்தான் ஹவுஸ் வளர்ந்தது. டெட்ரொய்ட்டில ஹுவான் அட்கின்ஸ் 1985 இல் 'மெட்ரோப்ளெக்ஸ்' என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். பெரிய கொம்பனி வரும் என்று அவர் காத்திருக்கவில்லை.

'அசிட் ட்ராக்ஸ்' கதையையும் பாருங்கோ. ரோலண்ட் 303 சந்தையில தோற்றுப்போன மெசின். பழசாக மலிவாக் கிடைத்தது. அதைத் திருகித் திருகி ஃபியூச்சர் என்ற சிக்காகோக் குழு பத்து நிமிடத்துக்கும் மேலான ஒரு பாட்டைச் செய்தது. 1987 இல் அது தட்டாக வெளிவந்தது. ஆனால் அதுக்கு முன்னமே 'மியூசிக் பொக்ஸ்' கிளப்பில ரொன் ஹார்டி அதை நாடாவில இருந்தே போட்டுச் சனத்தை ஆட வைத்திட்டார். ஆடினவர்கள் தட்டு வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

குறைவாக அச்சிடுவதில பிழையில்லை. ஆயிரக்கணக்கில் அச்சிடச் சின்ன லேபிளிடம் காசு இருக்காது. தட்டு அச்சிடத் தேவையான லாக்கர் செய்கிற தொழிற்சாலைகள் உலகத்தில இரண்டுதான் இருந்தன. அதில கலிஃபோர்னியாவில இருந்த ஒன்று 2020 பெப்ரவரியில எரிந்துபோனது. இதெல்லாம் எங்களுக்கு விளங்குது. ஆனால் அதே பாட்டை டிஜிட்டலாகப் போட எந்தத் தொழிற்சாலையும் தேவையில்லை. அதைப் போடாமல் விடுவது லேபிள் தானே எடுக்கிற முடிவு.

வினைலில் மட்டும் விட்டால் இசைக்கு மதிப்புக் கூடும் என்பார்கள். கூடுவது விலைதான். மறுவிற்பனையில பாட்டைச் செய்தவருக்கு ஒரு சதமும் போகாது. உழைத்தவருக்கு உரியது கிடைக்காதது இந்த இசையில பழைய நோய். சிக்காகோவின் லரி ஹேர்ட்டும் ரொபர்ட் ஓவன்ஸும் தங்கட 80களின் பாட்டுகளின் உரிமைக்காக வழக்குப் போட்டு, 2022 இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

இங்கே இருக்கிற எங்களுக்கு ஐரோப்பாவில இருந்து ஒரு தட்டு எடுப்பித்தால் தபால் கூலியே தட்டின் விலையை எட்டும். எடுத்தாலும் போட்டுக் கேட்க மெசின் எத்தனை பேரிட்ட இருக்கு? யாரோ போனில் பிடித்துப் போட்ட அரைநிமிடத் துண்டோட திருப்திப்பட வேண்டியதுதான். நைரோபியிலயும் டாக்காவிலயும் இருக்கிற எங்கட வயதுக்காரருக்கும் இதே கதிதான்.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான். தட்டை அச்சிடுங்கோ, அழகாகவே அச்சிடுங்கோ. அதே நாளில பாட்டை பான்ட்காம்ப்பிலயும் போடுங்கோ. நாங்கள் காசு குடுத்தே வாங்குவம். வாசலில மறிக்கப்பட்டவர்கள் உண்டாக்கின இசைக்கு இன்னொரு வாசல்காவல் தேவையில்லை.