இரட்டைத் தட்டு இருந்தால் போதுமா?

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உண்மையான சொத்து எது என்று கேட்டால், கட்டடம் என்பார் சிலர். சரக்கிருப்பு என்பார் சிலர். பங்கு மூலதனம் என்பார் வேறு சிலர். நம் அபிப்பிராயத்தில், அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் சங்கம் கொடுக்க வேண்டியது எவ்வளவு, அவர் சங்கத்திற்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதைப் பிழையின்றிச் சொல்லும் கணக்கே அந்தச் சொத்து. கட்டடம் இடிந்தால் மீண்டும் கட்டலாம். கணக்கு அழிந்தால், அதனோடு இடிந்து விழும் நம்பிக்கையை எந்தக் கொத்தனாரைக் கொண்டு கட்டுவது?

அந்தக் கணக்கு இன்று பெரும்பாலும் பேரேட்டில் இல்லை, கணினியில் இருக்கிறது. நெசவாளர் சங்கங்களில் பாவும் ஊடையும் வழங்கியது, துணி வாங்கியது, கூலி கொடுத்தது, சேமிப்பு நிதிக்குப் பிடித்தது எல்லாம் அதில்தான் ஏறுகின்றன. விவசாயிகளின் சங்கங்களும் அவ்வழியே வருகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கென 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. இது வரவேற்கத் தக்க மாறுதலே. ஆயினும், பேரேட்டைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வாங்கிய நாம், கணினிக் கணக்கை எவ்வாறு காப்பது என்பதை இன்னும் சரிவரச் சிந்திக்கவில்லை.

முதலில் நம் தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். அங்கிருந்த கணினியில் ஹார்டு டிஸ்க் எனப்படும் தட்டுகள் இரண்டு பொருத்தப்பட்டிருந்தன. ஒன்றில் எழுதுவது அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும். இதனைக் கண்ணாடி முறை என்பர். “ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது, ஐயா” என்றார் காரியதரிசி. நாமும் மகிழ்ந்து, “கணக்குப் பாதுகாப்பு திருப்திகரம்” என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டோம்.

மறு ஆண்டு மார்ச் மாத இறுதியில், பழைய கோப்புகளைக் களையப் புகுந்த எழுத்தர், கை தவறி நடப்பு ஆண்டின் கணக்குத் தொகுதியையே அழித்துவிட்டார். ஒரு தட்டில் அழிந்தது. மறு தட்டிலும் அதே கணத்தில் அழிந்தது. இரு நாட்கள் கழித்தே தவறு தெரிந்தது. அதற்குள் அழிந்த இடத்தின் மேல் புதிய பதிவுகள் ஏறிவிட்டன. இரவுதோறும் பென் டிரைவில் நகல் எடுக்கவும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆனால் கணக்கு மென்பொருளை எட்டு மாதங்களுக்கு முன் மாற்றியபோது கைவிடப்பட்ட பழைய இடத்தையே அது நாள்தோறும் படியெடுத்து, “வேலை முடிந்தது” என்று அறிவித்துக்கொண்டிருந்தது. அதைத் திறந்து பார்த்தவர் எவருமில்லை. நாமும் பார்க்கவில்லை.

எட்டு மாதக் கணக்கு எவ்வாறு மீண்டது? அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களிலிருந்து மீண்டது. அவற்றையும் நூல் வழங்கிய சீட்டுகளையும் துணி வாங்கிய ரசீதுகளையும் ஒப்பிட்டு, மூன்று வார காலம் இரவு பகலாக எழுதினார்கள். அநேகமாக எல்லோருடைய கணக்கும் தேறியது. மூதாட்டி ஒருவரின் புத்தகம் மட்டும் கூரை ஒழுகி நனைந்து எழுத்துக் கலைந்திருந்தது. “சங்கத்தில் எழுதி வைத்திருப்பீர்கள் என்றுதானே நான் இதைப் பத்திரப்படுத்தவில்லை, ஐயா?” என்று அவர் கேட்டார். அக்கேள்வியில் கோபம் இல்லை. அதனாலேயே நமக்கு விடை சொல்ல நா எழவில்லை. கிடைத்த சீட்டுகளைக் கொண்டு உத்தேசமாக ஒரு தொகையை அவர் பெயரில் வரவு வைத்தார்கள். அதுதான் சரியான தொகையா என்று இன்றும் எவராலும் உறுதி கூற இயலாது.

இதனால் கண்ணாடி முறை பயனற்றது என்று கூற வரவில்லை. 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர், விலை மலிந்த பல தட்டுகளைச் சேர்த்து இயக்கும் முறைகளை வகுத்து ‘ரெய்டு’ என்று பெயரிட்டனர். அதற்கு முன்பே வழக்கிலிருந்த கண்ணாடி முறை, அவர்கள் வகுப்பில் முதல் நிலையாக இடம் பெற்றது. ஒரு தட்டு பழுதாயினும் வேலை நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். கூலி வழங்கும் நாளன்று தட்டு ஒன்று செத்தாலும், வரிசையில் நிற்கும் நெசவாளர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதில்லை. இது சிறு நன்மையன்று.

ஆனால் அந்த நன்மையும் பராமரிப்பவர்களுக்கே கிட்டும். ஒரு தட்டு பழுதானாலும் கணினி வழக்கம்போல் ஓடும். ஆகவே பழுது பல மாதம் தெரியாமலே கிடக்கக் கூடும். வாரம் ஒருமுறை தட்டுகளின் நிலையைப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே தொகுப்பில் வாங்கிய இரண்டு தட்டுகள் ஒன்றாகவே மூப்படையும் என்பதையும் மறக்கலாகாது. செத்த தட்டுக்குப் பதில் புதியது பொருத்தினால், எஞ்சிய தட்டு முழுவதும் வாசிக்கப்பட்டுப் புதியதில் எழுதப்பட வேண்டும். நான்கு டெராபைட் தட்டு, வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் ஓடினாலும் இதற்கு ஏழு மணி நேரத்திற்கு மேலாகும். அதுவரை மறைந்து கிடந்த கோளாறுகள் அப்போதுதான் வெளிப்படும். ஆதலின் அவ்வேலையைத் தொடங்கும் முன்பே கணக்கைத் தனியே நகல் எடுத்துக்கொள்வது விவேகம்.

கண்ணாடி இன்றைய முகத்தைக் காட்டும். நேற்றைய முகத்தைக் காட்டாது. இன்று நேர்ந்த பிழையை விலக்கி நேற்றைய கணக்குக்குத் திரும்ப வேண்டுமானால், ‘பேக்கப்’ எனும் காப்பு நகல் தனியே வேண்டும். திருட்டு, தீ, வெள்ளம், மின்னல் ஆகியவையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு தட்டுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து தாக்குவதில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் புகுந்த வெள்ளத்தை நாம் மறந்திருக்க முடியாது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல், கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இத்தகைய தீநிரல், கணினியுடன் ஓயாது இணைந்திருக்கும் வெளித் தட்டையும் பூட்டிவிடும்.

இவை சிறிய சங்கங்களுக்கு மட்டும் நேரும் விபத்துகள் என்று எண்ண வேண்டாம். 2017 ஜனவரி 31ஆம் தேதி, மென்பொருள் எழுதுவோர்க்குச் சேவை செய்யும் ‘கிட்லேப்’ நிறுவனத்தின் பணியாளர் ஒருவர் தவறான கணினியில் ஆணையிட்டு முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அங்கே நகலுக்கென ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் சரிவர உதவவில்லை. சுமார் ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு காரியத்திற்காக எடுக்கப்பட்ட நகலே கைகொடுத்தது. 2021 மார்ச் மாதத்தில் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் எரிந்தபோது, வேறிடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர் பலர் தம் தரவுகளை அடியோடு இழந்தனர்.

என்ன செய்ய வேண்டும்? துறை அறிந்தோர் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஓர் எளிய விதி கூறுவர். கணக்கு மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். கண்ணாடித் தட்டுகள் இரண்டையும் இதில் ஒரே பிரதியாகவே எண்ண வேண்டும் என்பது நம் கருத்து. தினமும் மாலையில் கணக்கு முடித்தபின் வெளித் தட்டு ஒன்றில் நகல் எடுத்து, அதைக் கழற்றி இரும்புப் பெட்டியில் வைக்கலாம். மற்றொரு நகலை, கடவுச்சொல்லால் பூட்டி, இணைய வழியே தொலைவிலுள்ள சேமிப்பகத்திற்கு அனுப்பலாம். அக்கடவுச்சொல்லை உறையிலிட்டு அரக்கு முத்திரையுடன் தலைவர் பொறுப்பில் வைக்க வேண்டும். காரியதரிசி மாற்றலாகிப் போனால் நகலும் அவருடன் போய்விடக் கூடாதன்றோ? முந்திய நாள் நகலின் மேலேயே மறுநாள் நகலை எழுதாமல், நாள், வாரம், மாத நகல்களைத் தனித்தனியே வைத்தல் அவசியம். பிழை எப்போது தெரியவரும் என்பதை யாரறிவர்?

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. திரும்ப எடுத்துப் பார்க்காத நகல், நகலே அன்று. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, நிர்வாகக் குழுவினர் இருவர் முன்னிலையில், வேறொரு கணினியில் நகலை ஏற்றி, யாரேனும் ஐந்து அங்கத்தினரின் கணக்கை அவர்களுடைய பாஸ் புத்தகத்துடன் ஒப்பிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். அரை நாள் வேலை இது.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. நல்ல பட்டுச் சேலை ஒன்றின் விலைக்குள் வெளித் தட்டு ஒன்று கிடைக்கும். எட்டு மாதக் கணக்கை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியதற்கு ஆன செலவுடன் இதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எங்கள் கணக்கு மைய சர்வரில் இருக்கிறது, எங்களுக்கு இது எதற்கு என்பார் வேறு சிலர். கடன் மனுக்களும் ஒப்பந்தங்களும் கடிதங்களும் இன்னும் அலுவலக மேஜைக் கணினியிலேயே இருக்கின்றனவா என்று அவர்கள் இன்றே பார்ப்பது நல்லது.

ஆய்வாளர்களாகிய நாமும் நம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். “நகல் உண்டா?” என்று கேட்டு, “உண்டு” என்ற விடையைக் குறித்துக்கொண்டு எழுந்து வருவது ஆய்வாகாது. “கடைசியாக எந்தத் தேதியில் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள்? நம் முன் இப்போது எடுத்துக் காட்டுங்கள்” என்பதே இனி நம் கேள்வியாக இருக்க வேண்டும்.

நம் முன்னோர் அங்கத்தினர் கையில் பாஸ் புத்தகம் கொடுத்தது வெறும் சம்பிரதாயம் அன்று. ஒரே கணக்கு இரண்டு இடத்தில், இரண்டு பேர் கையில் இருக்க வேண்டும் என்ற அறிவே அது. அந்த அறிவைக் கணினிக்கும் கொண்டு செல்வோமாக. புத்தகம் நனைந்து வந்து நிற்கும் அங்கத்தினருக்கு, “கவலைப்படாதீர்கள் அம்மா, உங்கள் கணக்கு எங்களிடம் இருக்கிறது” என்று தயக்கமின்றிச் சொல்ல முடிந்த சங்கமே, அவர் பணத்தை வாங்கி வைக்கத் தகுதியுடைய சங்கமாகும்.