கோழி மேல் போடும் பழி

அனந்தபுரம் கடைத்தெருவில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனர் ஏறினால் போதும், அதன் கீழேயே தீர்ப்பும் வந்துவிடும். "அஞ்சாவதுதான் படிக்குது, அதுக்குள்ள உக்காந்துடுச்சு. எல்லாம் பிராய்லர் கோழிதான். ஹார்மோன் ஊசி போட்டுல்ல வளக்குறானுங்க!" செஞ்சி பஸ்ஸிலும் இதே பேச்சு, படித்தவர்களின் வாட்ஸப்பிலும் இதே பேச்சு. பண்ணைக்காரர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு பொய்.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தின்றால் வயிற்றில் செரித்துப்போகும். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை விழுங்காமல் குத்திக்கொள்வதும் அதனால்தான். ஆக, தீவனத்தில் கலந்து பயனில்லை. ஒவ்வொரு கோழிக்கும் திரும்பத் திரும்ப ஊசி குத்த வேண்டும். ஐயாயிரம் கோழி நிற்கும் ஷெட்டில், கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக் கூலி வாங்குகிறவருக்கு அது கட்டுபடியாகுமா? குஞ்சுக்குப் போடும் சொட்டு மருந்தும் ஊசியும் வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்கான தடுப்பு மருந்துகள்.

பிறகு எப்படி ஆறு வாரத்தில் இரண்டு கிலோ தேறுகிறது? வம்சத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 என மூன்று காலத்து இனங்களை ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாள் முதலாவது 905 கிராம், கடைசியானது 4,202 கிராம்.

"நெருப்பில்லாமல் புகையுமா?" என்பார்கள். நெருப்பு இருந்தது, அமெரிக்காவில். 1940களின் பிற்பகுதியில் டிஈஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் வில்லையைக் கோழிக் கழுத்தில் பதித்தார்கள். அது புரதமல்ல, வாய்வழி போனாலும் வேலை செய்யும் சரக்கு. 1959இல் கோழிக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். அந்தக் கதையை இன்றைய பல்லடம் கோழியின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

பெண் எப்போது வயதுக்கு வருவாள் என்பதை மூளைதான் முடிவு செய்கிறது. ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் ஹார்மோன் பிட்யூட்டரியைத் தட்டி எழுப்ப, பிட்யூட்டரி சினைப்பையை எழுப்ப, அங்கே ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. உடம்பில் போதிய கையிருப்பு சேர்ந்திருக்கிறதா என்று மூளை பார்க்கும். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் அந்தத் தகவலைக் கொண்டுபோகிறது. அரைப்பட்டினியில் வளரும் பெண்ணுக்கு இது தள்ளிப்போகும், சோறும் சதையும் கூடினால் முந்திவரும். நார்வேயில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 17ஐ ஒட்டியிருந்த சராசரி வயது, நூறாண்டில் சுமார் 13க்கு இறங்கியது. அந்த இறக்கத்தின் பெரும்பகுதி நடந்தபோது பிராய்லர் கோழி என்ற சரக்கே உலகில் இல்லை.

கோழிக்கடையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஆன்டிபயாட்டிக். வேறெந்த மருந்தும் கேட்காத கிருமிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டினைக் கோழிக்குப் போட்டார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. அதைப் பற்றி எந்த அத்தையும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை.

இந்த நம்பிக்கையின் நட்டம் பெண் பிள்ளையின் தட்டில் விழுகிறது. அண்ணனுக்குக் கறி, தங்கைக்கு ரசம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பாதிக்கு மேற்பட்ட பெண்கள் ரத்தசோகையில் இருக்கும் மாநிலம் இது. வேடிக்கை என்னவென்றால், அவள் வயதுக்கு வந்த மறுநாளே நல்லெண்ணெயோடு பச்சை முட்டையை வாயில் ஊற்றுவதும் அதே வீடுதான். அந்த முட்டை எந்தப் பண்ணையிலிருந்து வந்ததாம்?

பத்து வயதில் வருவது சற்று முந்தியதுதான், நோயல்ல. எட்டு வயதுக்குள் மார்பு வளரத் தொடங்கினால் மட்டும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எலும்பு சீக்கிரம் முதிர்ந்து உயரம் குறைந்துவிடலாம். அரிதாக, மூளையில் கட்டியும் காரணமாக இருக்கும். கோழியைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த நேரம் தவறிப்போகும். தேவைப்பட்டால் பருவத்தை நிறுத்திவைக்க அங்கே ஊசி போடுவார்கள். ஹைப்போதலாமஸின் ஹார்மோனைப் போலவே செய்த ஊசி அது; விட்டுவிட்டு இல்லாமல் ஓயாமல் தட்டுவதால் பிட்யூட்டரி அடங்கிவிடும்.