வலிப்பு வந்தால் தாயத்துதானா?

கோவளம் கடற்கரையில் உள்ள ஹஸ்ரத் தமீமுல் அன்ஸாரி (ரலி) தர்காவுக்கு மனநோயாளிகள் அழைத்து வரப்படுவது மாமல்லபுரம் வட்டாரமே அறிந்த செய்தி. வலிப்பு வந்தவரையும் அதே கணக்கில் சேர்ப்போர் நம் மஹல்லாக்களில் இன்றும் இருக்கின்றனர். பிள்ளை ஒருமுறை துடித்து விழுந்தால் தாயத்து, தகடு, ஓதிய தண்ணீர் என மாதங்கள் ஓடிவிடும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

துஆவை நாம் மறுக்கவில்லை. நாமும் ஓதிக் கொடுப்பவர்களே. "இது ஜின்னின் வேலை, மாத்திரை வேண்டாம்" என்று சொல்லும் துணிச்சலுக்கு மார்க்கத்தில் என்ன ஆதாரம் என்பதே நம் கேள்வி.

இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களின் 'ஸாதுல் மஆத்' நூலைச் சிலர் ஆதாரம் காட்டுவர். அதே நூலில் வலிப்பு இருவகை என்றும், ஒரு வகை உடற்கோளாறால் வருவது, மருத்துவர்கள் ஆராய்ந்து சிகிச்சை அளிப்பது என்றும் அவர் எழுதியிருப்பதை ஏன் மறைக்கிறார்கள்?

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் ஒன்று உண்டு. வலிப்பு நோயுள்ள ஒரு கறுப்பினப் பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நோய் வரும்போது ஆடை விலகிவிடுவதாக முறையிட்டார். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம், விரும்பினால் குணமாக துஆ என இரண்டையும் நபியவர்கள் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ கேட்டார். அந்தப் பெண்மணியைத்தான் சொர்க்கத்துப் பெண் என்று இப்னு அப்பாஸ் (ரலி) தம் மாணவர் அதாஉவுக்குக் காட்டினார்கள். அவரை யாரும் வீட்டுக்குள் மறைக்கவில்லை; தம் நோயைத் தாமே வாய்விட்டுச் சொன்னார். இன்று நிகாஹ் பேசும்போது அப்படிச் சொல்ல ஒரு பெண்ணை நாம் விட்டுவைத்திருக்கிறோமா? மனைவி விவாகரத்துக் கோருவதற்கான காரணங்களை அடுக்கும் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தில்கூட வலிப்பு இல்லை. நம் பெண்களைத் தாய்வீட்டுக்குத் திருப்பியனுப்ப மட்டும் அது போதுமான காரணமாகிவிடுகிறது!

"அவர் பொறுமையைத்தானே தேர்ந்தார், மருந்து எதற்கு?" என்பர். அது அவருடைய தேர்வு. ஏழு வயதுப் பிள்ளைக்காக அந்தப் பொறுமையைத் தேர்ந்தெடுக்க நாம் யார்? மருத்துவம் செய்துகொள்ளலாமா எனக் கேட்ட கிராமவாசிகளுக்குச் செய்துகொள்ளுங்கள் என்றே நபியவர்கள் விடையளித்தார்கள் (அபூதாவூத், திர்மிதீ). உரிய சிகிச்சை கிடைத்தால் நோயாளிகளில் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பன்றியின் நாடாப்புழுவால் வரும் வலிப்பு நமக்கு வராது என்று நினைப்பதும் தவறு. அப்புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கை வழியாகவும் காய்கறி வழியாகவும் எவர் மூளையையும் அடையலாம்.

ரமளானில் மாத்திரையைத் தாமாக நிறுத்துவோர் அதிகம். அது உயிருக்கே ஆபத்து. ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு மருந்தை மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்க வேண்டும். இயலாதென்றால் நோயாளிக்கு அல்குர்ஆன் அளித்த சலுகை இருக்கிறது.

மக்தபில் வுளூவின் ஃபர்ளுகளைக் கற்கும் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கப் பத்து நிமிடம் போதும்: விழுந்தவன் கையில் சாவியைத் திணிக்காதே, வாயில் எதையும் வைக்காதே, பிடித்து அழுத்தாதே. தலைக்கடியில் துணி வை, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழை. உணர்வு திரும்பும்வரை அருகிலேயே இரு.