ஜெனரேற்றர் வாங்க முதல் ஒரு கணக்கு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடிச்சு ஓய்ந்ததிலிருந்து எங்கட வீடுகளில் ஒரே கதைதான்: "எப்பிடியாவது ஒரு ஜெனரேற்றர் வாங்கிப் போடவேணும்." கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வளர்ந்த எங்களுக்கு இந்தப் பயம் விளங்கும். கரண்ட் நின்றால் கிணற்று மோட்டர் ஓடாது, ராங்கில் தண்ணி இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு ஜெனரேற்றர் என்பது பிழையான முடிவு என்றே நினைக்கிறோம்.

2022 ஐ மறந்திட்டமா? மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அதே நாட்களில்தான் பெற்றோலும் இல்லை. கலன்களில் எரிபொருள் விற்கவும் தடை. பிறகு கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பெரிய நெருக்கடியில் கரண்டும் எண்ணெயும் சேர்ந்தே போகும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயை அளந்து அளந்து விளக்கெரித்த அம்மா அப்பாவுக்கு இதை நாங்கள் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே கடைக்குப் போக முதல் கொப்பித்தாளில் கணக்குப் போடுவோம். நாலு எல்இடி பல்ப் 36 வாட், ஒரு ஃபான் 60, ரவுட்டர் 10. மொத்தம் 106 வாட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பற்றரியில் 1,200 வாட்-மணி இருக்கும். அதில் பாதியைப் பாவித்தாலே இன்வேட்டரோடு ஐந்து மணித்தியாலம் தாங்கும். சின்னச் சோலார் தகடு ஒன்று இருந்தால் பகலில் திரும்ப ஏறும். ஆனால் கூரைச் சோலாரை லைனோடு மட்டும் இணைத்த வீடுகள் கவனம்: பற்றரி இல்லாவிட்டால், லைன் நின்றதும் அதுவும் நின்றுவிடும்.

மோட்டர் வேற கதை. ஒரு குதிரைவலு 746 வாட். ஸ்ரார்ட் ஆகும் நொடியில் மோட்டர் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். மலிவெண்டு 1 கே.வி.ஏ மெசின் வாங்கினால் மோட்டர் உறுமிப்போட்டு நிண்டுவிடும். 3 கே.வி.ஏ அளவாவது வேணும். ஆனால் ராங்க் நிரப்ப எவ்வளவு நேரம்? மிச்ச நேரமெல்லாம் அது சும்மாதானே கிடக்கும். நாலைந்து வீடு சேர்ந்து ஒன்று வாங்கினால் என்ன? "சேர்ந்து வாங்கினால் சண்டைதான் வரும்" என்பார்கள். வரலாம். முறையையும் எண்ணெய்க் காசையும் முதலே எழுதி வைத்தால் குறையும்.

யார் வாங்கினாலும் இரண்டு விசயம். விறாந்தையிலோ குசினிக்குள்ளோ ஓட்டக்கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரையிலேயே கொல்லும். சுவர் பிளக்கில் வயரைச் செருகி வீட்டுக்குக் கரண்ட் ஏற்றவும் கூடாது. அது லைனுக்குத் திரும்பிப் போய், வெள்ளத்துக்குள் கம்பத்தில் ஏறி எங்களுக்காகவே வேலை செய்கிற ஊழியரைக் கொல்லலாம். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம்.

வெளிச்சத்துக்கு வீட்டுக்கொரு பற்றரி, தண்ணிக்கு ஒழுங்கைக்கொரு ஜெனரேற்றர். அடுத்த மாரிக்கு முதல் அயல்வீடுகளை இருத்தி இதைக் கதைக்கவேண்டியது நாங்கள்தான்.