பாதாளச் சாக்கடைப் பாடத்தில் விடுபட்ட மனிதர்

சிவில் இன்ஜினியரிங் படிக்கும் எந்தத் தோழரையும் கேட்டுப் பாருங்கள். பாதாளச் சாக்கடைக் குழாயின் விட்டம், சரிவு, ஆளிறங்கு குழிகளுக்கு இடையிலான தூரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் காட்டுவார். அந்தக் குழிக்குள் இறங்குகிற ஆள் யார் என்று கேட்டால், அதற்கான பதில் அவருடைய சிலபஸில் இருக்காது. சட்டக் கல்லூரி மாணவருக்கு 2013ஆம் ஆண்டு மனிதக் கழிவகற்றும் பணித் தடைச் சட்டம் தெரியும். குழாய் ஏன் அடைத்துக்கொள்கிறது என்பது தெரியாது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும் என்று நர்சிங் மாணவி படித்திருப்பார்; அந்த வாயு எந்தச் சாதிக்காரரின் நுரையீரலுக்குள் போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே சாவு, மூன்று துறைகளில் மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது.

இணையத்தில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் என்பிடெல்லைத் தொடங்கின. 2017இல் ஸ்வயம் வந்தது. ஒரு செமஸ்டரில் 40 விழுக்காடு வரையிலான பாடங்களை ஸ்வயம் வழியாகப் படித்து கிரெடிட் பெற 2021ஆம் ஆண்டு யுஜிசி விதி இடம் தருகிறது. எங்கோ ஓரிடத்தில் பதிவான பாடம் ஊரெங்கும் உள்ள கல்லூரிகளுக்குப் போகிறது. அந்தப் பாடத்தில் சாதி விடுபட்டிருந்தால், விடுபட்டதும் சேர்ந்தேதான் போகிறது.

ஆகவே பாடத்தை அப்படியே எடுத்துப் போடுவதால் பயனில்லை என்கிறோம். வெட்டி, ஒட்டி, நமது வகுப்புக்கும் ஊருக்கும் ஏற்ப மாற்றி எழுத வேண்டும். மலக்குழி மரணம் பற்றி ஒரு பொதுப் பகுதியை எழுதுவோம். பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைச் சட்டத்தின் 7ஆவது பிரிவு தடை செய்கிறது என்பதும், தடைக்குப் பிறகும் சாவது யார் என்பதும் அதில் இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு படிப்புக்கும் தனி இணைப்பு. சிவில் மாணவருக்கு, மனிதர் இறங்கத் தேவையில்லாத வடிவமைப்பு பற்றிய கணக்கு. சட்ட மாணவருக்குப் புகார் மனு எழுதும் பயிற்சி. சமூகப்பணி மாணவருக்கு இழப்பீடும் மறுவாழ்வும். நர்சிங் மாணவருக்கு முதலுதவி. பொதுப் பகுதி மாறாது. இணைப்பு மட்டும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

மாற்ற முடியாத பிடிஎஃப் என்ன செய்யும் என்று பாருங்கள். 1993க்குப் பிறகு சாக்கடையில் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் மரண இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. பழைய பிடிஎஃப்பில் படித்த மாணவர், கணவரைப் பறிகொடுத்த பெண்ணுக்கு 10 லட்சம் கேட்டு மனு எழுதிக்கொடுப்பார். பூட்டிய ஒரு கோப்பு அந்தக் குடும்பத்துக்கு வைக்கும் நட்டம் 20 லட்சம். அதனால் பிடிஎஃப்போடு திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கொடுங்கள். கடைசியாகத் திருத்திய தேதியை முதல் பக்கத்திலேயே போடுங்கள். வீடியோ என்றால் எழுத்து வடிவமும் வேண்டும். விடுதியில் டேட்டா தீர்ந்துபோன மாணவருக்கு அதுதான் பாடம்.

காப்பிரைட் பயம் பலரைத் தடுக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை ஒன்றின் மீது மூன்று பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், வகுப்புக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்து நகலெடுப்பது காப்புரிமை மீறல் ஆகாது என்ற வாதத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் ஏற்றது. அது வகுப்பறைக்கான பாதுகாப்பு. முழுப் புத்தகத்தையும் இணையத்தில் ஏற்றிவிட அது அனுமதியல்ல. பாபாசாகேப் அம்பேத்கர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2017 முதல் பொதுச்சொத்து. தமிழ் மொழிபெயர்ப்புக்கு மட்டும் தனி உரிமை உண்டு. நாமே மொழிபெயர்த்தால் அந்தத் தடையும் இல்லை. நாம் எழுதும் பாடத்துக்கு, பெயரைக் குறிப்பிட்டு, அதே நிபந்தனையில் பகிரச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் போடுவோம். உழைத்தவர் பெயர் அழியாமல் இருக்க அது உதவும். நம் உழைப்பில் அடுத்தவர் பெயர் ஏறிய வரலாறு நமக்குப் புதிதல்ல.

ஒன்றை மட்டும் தாராளமாகப் பகிரக் கூடாது. மகனை இழந்த ஒரு தாய் ஒரு வகுப்புக்காகப் பேசிய வீடியோ, அவரைக் கேட்காமல் அடுத்த கல்லூரிக்குப் போகக் கூடாது. சட்டப் பிரிவுகள் எல்லோருக்கும் பொது. அவருடைய கண்ணீர் அவருக்குச் சொந்தம். ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கல்வியை நமக்கு மறுத்தவர்கள் ஓலையையும் ஏட்டையும் பூட்டித்தான் வைத்தார்கள். நம் கையில் இருக்கும் பாடத்துக்கு நாமே பூட்டுப் போட வேண்டாம். இந்த செமஸ்டரில் உங்கள் பாடத்திலிருந்து ஒரே ஒரு யூனிட்டை எடுங்கள். அதில் விடுபட்ட மனிதரை எழுதிச் சேருங்கள். பக்கத்துக் கல்லூரித் தோழருக்கு அனுப்புங்கள். அவர் அதைத் திருத்தி உங்களுக்கே திருப்பி அனுப்பட்டும்.